வெள்ளிக் கழுத்து

என் தங்கை ரோசியின் குரல் அடைத்துப்போகட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டவள் நான்தான்.

முகத்தைச் சுளிக்காதே... முழுக்கக் கேள். எனக்கு எழுத வராது; நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

ராயபுரத்தில் எங்கள் கோயிலில், தவக்காலத்தில் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் புலம்பலை முன்நின்று பாடுவது நான். பத்து வருடம் நான்! அந்த வருடம் பங்குச் சாமியார் ரோசியை முன்னே நிறுத்தினார். அவளுக்குப் பதினேழு வயது. அவள் குரல் எழும்பியதும் கல்மண்டபத்து மீன்காரிகள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒருத்தியாவது அழுதிருப்பாளா?

திருவிழா வந்தது. நோயுள்ள உறுப்பின் உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி, குணமாக வேண்டி மாதா காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். விற்கிறவனிடம் போனேன்.

"தொண்டை கீதா?"

"கண்ணு கீது, காலு கீது. தொண்டைன்னா தலையும் கழுத்துமாத்தான் வரும். யாருக்கு யக்கா?"

"தங்கச்சிக்கு."

"இன்னா மனசு யக்கா உனக்கு!"

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது... பாழாய்ப்போன சிரிப்பு!

அந்தக் கழுத்தை மாதா காலடியில் வைத்து, குணமாக்கு என்று கேட்காமல் அடைத்துப்போடு என்று கேட்டேன். சில மாதத்தில் அவள் குரல் கரகரத்தது. கோயிலில் என் இடம் எனக்கே திரும்பி வந்தது. ஆனால் கூத்தைக் கேள்! துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச் ஓட்டிய அப்பா கப்பல்காரர்களிடம் வாங்கிவந்த ஜாஸ் இசைத்தட்டுகள் வீட்டில் கிடந்தன. அந்தப் பாட்டுகளுக்கு அவள் கரகரப்பு அச்சாகப் பொருந்தியது. இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. கேட்டுக் கேட்டே பாடுவாள். மவுண்ட் ரோடு ஓட்டலில் டிரம்பெட் வாசிக்கும் பக்கத்துத் தெரு டெரன்ஸ், வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"இன்னாமே, இந்தக் கொரல வச்சிக்கினு இங்க மீனு கழுவிகினு கீற?"

ஓட்டலில் பாடினாள். பம்பாயில் பாடினாள். அவள் பெயரிலேயே இசைத்தட்டு வந்தது. அட்டையில் எங்கள் ரோசி... உதட்டுச் சாயமும் நீலக் கவுனுமாக! தெருவே ஆடியது. நானும் ஆடினேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், நம்பு.

பம்பாயிலிருந்து திரும்பியவள் இருமினாள். கைக்குட்டையில் ரத்தம்.

"யக்கா, முழுங்கவே முடில. ஆஸ்பத்திரிக்கு வர்றியா?"

"அதெல்லாம் வாணாம்மே. மாதா பாத்துக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அது நோயே இல்லை, என் வேண்டுதல் என்று நம்பினேன். டாக்டர் டார்ச் அடித்தால் உள்ளே நான் தெரிந்துவிடுவேன் என்று பயந்தேன்! கேட்டதைத் திரும்ப வாங்க இன்னொரு வெள்ளிக் கழுத்து வைத்தேன். தினமும் கோயில் தரையில் முழங்காலில் நின்றேன். ஐந்து மாதம்...

கடைசியில் டெரன்ஸ்தான் அவளை இழுத்துப் போனான். தொண்டையில் காசநோய்.

"ஊசி போட்டா சரியாப் போற நோயாச்சேம்மா. ஏன் இவ்ளோ நாள் வச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

உயிர் தங்கியது. குரல் போயிற்று. மூச்சுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள்.

அவள் இன்றும் என்னோடுதான் இருக்கிறாள். நான் முழங்காலில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள், எதற்கென்று தெரியாது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் என் முழங்கால் வலி தீர வெள்ளி முழங்கால் ஒன்று வாங்கி வைக்கிறாள். தனக்காகத் தேய்ந்த முழங்கால் என்று சைகை காட்டி, என் காலைத் தொட்டு முத்தமிடுகிறாள்.

இதைப் படிக்க அவளுக்கும் தெரியாது. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன்... பார், இப்போதும் ஒளிந்துகொண்டுதான்!

போன திருவிழாவுக்கும் வைத்தாள். வலி குறையவில்லை. குறையவும் வேண்டாம்.