பாஸான காது

தொண்டு நிறுவனத்துக்காகப் பிள்ளைகளை ஊனமுற்றோர் முகாமுக்குக் கூட்டிப்போகிற வேலையில், கால் தேய்வதைவிடக் காது தேய்வதுதான் அதிகம். என்னைப்போல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று பேச்சு வாங்கியவர்களே, நீங்களே கேளுங்கள். அப்போது எனக்குப் பதினேழு வயது. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவேன்.

ஒத்திகை

ஜெய்த்தூனக்கா காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவர். மகள் ரசியாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. முகாமில் டாக்டர் சான்று கொடுத்தால், மதுரையில் தங்கிப் படிக்கிற சிறப்புப் பள்ளியில் இலவசமாக இடம். முகாமில் என்ன செய்வார்கள் என்று அக்கா கேட்டார். டாக்டர் மூக்கால் பேசுவதுபோலவே பேசி, ரசியாவுக்குப் பின்னால் நின்று மணியடிப்பதாக நடித்துக் காட்டினேன். தெருவே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"மணி எத்தன தடவ அடிப்பாக?"

லீவு

முகாம் எப்போதும் வேலை நாளில்தான் வரும். அன்றைக்குப் பழம் வெட்டு வேறு. தோட்டத்து மேஸ்திரியிடம் நானே போய் லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று அக்கா பஸ் ஏறிவிட்டார். முகாம் நடந்த தேனிக்குப் போய்ச் சேரும்வரை, மேஸ்திரி சொன்னதை அவருடைய வெற்றிலை வாயோடு திரும்பத் திரும்பப் பேசிக் காட்டினேன்:

"கேக்காத காதுக்கு என்ன அவசரம்? அடுத்த வருசமும் அது கேக்காமத்தான இருக்கும்?"

முதல் மார்க்

நீள வரிசை. டாக்டரின் மூக்குக் குரலில் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கூப்பிட்டுச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். ரசியா முறை வந்தது. அக்கா மகளுக்கு எதிரே நின்றார். டாக்டர் பின்னாலிருந்து மணியடித்தார், ரசியா திரும்பினாள். மூன்று தடவையும் திரும்பினாள். 'கேட்கிறது' என்று எழுதிச் சீல் குத்திவிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா முகமெல்லாம் பூரிப்பு. தான் கண்ணை மூடித் திறந்தால் திரும்ப வேண்டும் என்று மகளை ஒரு வாரமாகப் பழக்கினாராம்.

"ரெண்டு பள்ளிக்கூடத்துல பேரச் சொல்லிக் கூப்புட்டாக, திரும்பலன்னு சேக்க மாட்டேன்னுட்டாக. இன்னைக்கு மூணுக்கும் திரும்பிட்டா பாத்தியா எம்புள்ள."

சொந்தக் குரல்

கேட்காது என்று எழுதினால்தான் இடம் என்பதை நான் அக்காவிடம் சொல்லவே இல்லை. அதுகூடவா தெரியாது என்று விட்டிருந்தேன். உள்ளே ஓடி, நடந்ததை டாக்டரிடம் சொன்னேன். தாயை வெளியே நிறுத்திவிட்டு இன்னொரு தடவை மணியடித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் அடுத்த பிள்ளையின் காதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாசல்ல என் குரல்ல பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தது நீதானே? போம்மா, இதுலயும் விளையாடாத."

ரேசன் கார்டு, நாலு போட்டோ, பிறப்புச் சான்று என்று முகாம் நோட்டீஸில் ஒன்றுவிடாமல் போட்ட நாங்கள், பிள்ளை இதில் ஃபெயிலாக வேண்டும் என்று மட்டும் ஒரு வரி போடவில்லை. எதிர்க்கடையில் அக்கா, மதுரைக்குப் போகப்போகிற மகளுக்குத் தகரப்பெட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.