இருட்டும் வரை ஒரு கொட்டைச் சண்டை

என் மகன் கைப்பேசியில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். நிறையப் பேர் ஒரு தீவில் குதித்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்கிறார்கள். கடைசியாக நிற்பவனுக்கு வெற்றி. அந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு காசு புழங்குகிறது. துப்பாக்கி, சட்டை எல்லாம் அதில்தான் வாங்க வேண்டும்.

"மொதல்லயே செலவு பண்ணிட்டா ஹாபிஸ்லா அப்பா, எல்லாம் தீந்துரும். மத்தவனுங்க செலவு பண்ணி முடிக்கட்டும். அப்புறம் நாம கைய வைக்கணும்" என்று விளக்கினான்.

நான் தலையாட்டினேன். மலேசியாவில் லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இதே வித்தைக்கு ஒரு காலத்தில் பேர் வாங்கியவன் நான் என்று அவனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

எங்கள் காசு ரப்பர் கொட்டை. காய் வெடித்துக் கொட்டை சிதறும் மாதங்களில் தோட்டத்துப் பையன்கள் எல்லாருமே பணக்காரர்கள். வட்டமாக உட்கார்ந்து, ஒருவன் கொட்டைமேல் இன்னொருவன் கொட்டையை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அழுத்துவோம். உடைந்தது தோற்றது. எளிதில் உடையாத கெட்டிக் கொட்டைக்குச் சண்டைக்கொட்டை என்று பேர். அது போய்விட்டால், சாதாரணக் கொட்டை பத்தைக் கொடுத்து இன்னொருவனிடம் புதிய சண்டைக்கொட்டை வாங்கலாம். கொடுக்க இல்லாதவன் எழுந்து போக வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவன் ராஜா.

நான் முந்திக்கொண்டு கை நீட்ட மாட்டேன். மற்றவர்கள் மோதி உடைத்துத் தீர்த்த பிறகுதான் என் சண்டைக்கொட்டை வெளியே வரும். அதைப் பெரிய தந்திரம் என்றார்கள். பாதி கூச்சம்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்களோடு இருந்து ரப்பர் மரம் சீவும் பால்வெட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம் என் விளையாட்டில் அவருக்குத் திடீரென்று அக்கறை பிறந்தது. ஞாயிறு தவறாமல் என்னைச் சைக்கிளில் ஏற்றி, தோட்டத்தின் இன்னொரு பகுதியான மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோனார்.

"இங்க சின்னப் பசங்களோட ஆடி என்னாடா பிரயோஜனம்? பெரிய ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்கானுங்க" என்றார்.

அங்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு முந்தின திருப்பத்தில் இறங்கி, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வார். நெற்றியில் இருந்த திருநீறும் அதோடு போய்விடும். வெயில் அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

மேல் டிவிஷனில் ஆட்டம் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடக்கும். அங்கே ஒரு வேதக்கார வீட்டுப் பையன் இருந்தான்; கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் வயதுதான். கையில் இருப்பதையெல்லாம் எடுத்தவுடன் இறைத்துவிடுவான். அவனைப் பார்த்துக்கொள்ள அவன் அக்கா துணி வாளியோடு குழாயடிக்கு வருவாள். மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். கொட்டை தீர்ந்ததும் அந்தப் பையன், "அக்கா, வா போலாம்" என்பான். அவள் வாளியைத் தூக்குவாள். உடனே மாமாவும் என்னைக் கிளப்பிவிடுவார்.

நான் ஜெயிக்க ஜெயிக்க மாமாவின் முகம் வாடியது.

"டேய், அந்தப் பையனை அவ்ளோ சீக்கிரம் வெளிய அனுப்பாதடா."

"அனுப்பினாதான மாமா ஜெயிக்க முடியும்?"

"மெதுவா ஜெயியேன்டா! என்னா, பஸ்ஸா போயிரப்போது?"

ஒரு ஞாயிறு அந்தப் பையனின் கால்சட்டைப் பையிலிருந்து கருங்கோடு போட்ட கொட்டைகள் வந்தன. மேல் டிவிஷன் மரத்துக் கொட்டைகளில் வெளிறிய புள்ளிதான் இருக்கும். கருங்கோடு எங்கள் பக்கத்து மரங்களுக்கு உரியது. எதிரிக்குக் காசு கொடுத்தது யார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"என் கொட்டைய அவனுக்குக் குடுத்தீங்களா?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"பாவம்டா, சின்னப் பையன்."

"அவனுக்கும் என் வயசுதான்!"

மாமா சைக்கிளை வேகமாக மிதித்தார். அதன்பிறகு சில ஞாயிறுகள் நான் அவர் சைக்கிளில் ஏறவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, பை நிறையக் கொட்டை பொறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாடா. இருட்டற வரைக்கும் அவன் எந்திரிக்கவே கூடாது. உன்னால முடியுமா?"

முடியுமா என்று என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. என் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

மறுநாள் நான் ஆடியதுபோல் எந்தக் காலத்திலும் ஆடியதில்லை. அவன் சண்டைக்கொட்டை உடைந்தபோதெல்லாம் பத்துக்கு விற்க வேண்டியதை மூன்றுக்கு விற்றேன். அவன் கை காலியாகப் போகிறது என்று தெரிந்தால், சொத்தைக் கொட்டையாகப் பார்த்து எடுத்து வைத்துத் தோற்றேன்.

"என்னாடா, கடைய மூடப்போறியா? இவ்ளோ மலிவா விக்கிற!" என்று பையன்கள் கேலி செய்தார்கள். நான் காதில் வாங்கவில்லை.

குழாயடியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மாமா, அக்கா இருவரில் ஒருவரும் குழாயை மூடவில்லை. நடுவில் ஒருமுறை அக்காவின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளைக்கு ஊரு கோலா கிளாவாங். அப்பா பேசி முடிச்சிட்டாங்க. அடுத்த வாரம் கோயில்ல ஓலை வாசிக்கிறாங்க."

திருமண அறிவிப்பைத்தான் அவர்கள் ஓலை என்பார்கள் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்த ஓலை கூரைமேல் போடுவதுதான். அதைக் கோயிலில் வைத்து ஏன் வாசிக்கிறார்கள் என்று யோசித்ததில் நல்ல சண்டைக்கொட்டை ஒன்றைப் பறிகொடுத்தேன்.

வெளிச்சம் போனது. அவள் அப்பா வீட்டிலிருந்து கூப்பிட்டார். அக்கா வாளியைத் தூக்கினாள். போகிறபோது என் தலையில் ஈரக் கையை வைத்துவிட்டுப் போனாள். தம்பிக்காரன் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தான். நான் சொன்னதைச் செய்துவிட்டேன்.

திரும்பும்போது மாமா சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அடுத்த வாரம் எல்லாத்தையும் ஜெயிச்சிரலாம் மாமா."

"இனி அங்க வேண்டாம்டா" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "உன்னை ஜெயிக்க அங்க ஆள் இல்ல" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே இதை அம்மாவிடம் சத்தமாகச் சொன்னேன். மேல் டிவிஷனிலேயே என்னை ஜெயிக்க ஆளில்லையாம், வேண்டுமானால் மாமாவையே கேட்டுப் பார் என்றேன். மாமா ஆமாம் என்று தலையாட்டினார். அம்மா தம்பியின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். உட்காரச் சொல்லிச் சோறு போட்டாள்.

அன்று மீன் பொரித்திருந்தாள். பெரிய துண்டை மாமாவின் தட்டில் வைத்தாள். ஜெயித்துவிட்டு வந்தவன் நான் இருக்கும்போது அவருக்கு ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.