தகரப் பெட்டிக்குள் இருந்த கருவாடு

கற்பிட்டிப் பக்கத்தில் கருவாடு காயவைத்து விற்பது என் தொழில். பருவம் தொடங்குமுன் கொழும்பு முதலாளி ஒருவர் முற்பணம் தருவார். பிறகு அதைக் கருவாடாக வாங்கிக்கொள்வார். இங்கே பலருக்கும் அதுதான் வழக்கம். வந்த காசை "வரவு" என்று எழுதித் தகரப் பெட்டியில் போடுவேன். பெட்டி நிறைந்திருந்தால் லாபம் என்றே நினைத்தேன்.

சென்ற வருடம் அந்தக் காசில் வீட்டுக்குக் கூரைத் தகடு போட்டோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அந்த முறை முந்திக்கொண்டது. வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை, காயவைக்க மீனில்லை. முதலாளி லொறியோடு வந்து நின்றார். அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"லாபத்துல கூரை போட்டுட்டம், நானா," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ராத்தா, அது ஒங்கட லாபமில்ல. எனக்குத் தர வேண்டிய கருவாடு அது," என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட்டேனா என்பதுகூட நினைவில்லை. என் கணவர் வாடகைக்கு ஓட்டிய எங்கள் சொந்த முச்சக்கர வண்டியை விற்றுக் காசைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கியவர் அதை ஓட்டிப் போனபோது, யாரோ வீட்டு வண்டி போவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது முற்பணத்தை "கொடுக்க வேண்டியது" என்ற பக்கத்தில் எழுதுகிறேன். கருவாடு லொறியில் ஏறிய பிறகே, ஏறிய அளவுக்கு மட்டும் வரவில் சேர்க்கிறேன். அதில் மீனுக்கும் உப்புக்கும் கூலிக்கும் போனதைக் கழித்து மிஞ்சுவதுதான் லாபம்.

கூரை நன்றாகத்தான் இருக்கிறது, ஒழுகுவதில்லை. வண்டி போனபின் உப்பள வேலைக்குப் போகும் என் கணவர், மழை நாட்களில் வேலை முடிந்து, நனைந்தபடி நடந்து வந்து அதன் கீழே நிற்கிறார்.