அமுக்கினால் சிரிக்க வேண்டும்

அந்தப் படத்தை நான் பார்த்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். டிக்கெட் இருந்தது, மூன்று மணி நேரம் சீட்டில் உட்கார்ந்திருந்தேன், கண்ணும் திறந்துதான் இருந்தது. ஆனாலும் எந்த வீரன் எந்த அரக்கனை எதற்காக அடித்தான் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தடுமாறும். அதுவரை தனித்தனிப் படங்களில் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வீரர்கள் எல்லாரும் ஒன்றுசேர்ந்து கடைசிச் சண்டை போடுகிற படம் அது. ஊரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காக.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கருமத்தம்பட்டியில் இருந்தோம். அப்பா விசைத்தறி ஓட்டினார். தறிகள் வரிசையாக நின்று ஓடும் கொட்டகையை எங்கள் பக்கம் குடோன் என்பார்கள். அதற்குள் காதருகே வந்து கத்தினாலும் ஒன்றும் விளங்காது என்பதால், வேலை செய்கிறவர்கள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். அப்பா அந்தப் பாஷையை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். அடுப்பில் பால் இருக்கும் நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால், அம்மாவைப் பார்த்து உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டுவார். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். டீயும் முதலாளியும் தவிர மற்றதெல்லாம் எனக்கு வெறும் வேடிக்கைதான், என்ன ஏது என்று கேட்டுவைத்ததில்லை.

குடோன் அப்பாவின் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. அவர் டிவிக்கு வைக்கும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியைப் போடாமலே செய்தி கேட்டுக்கொண்டார்கள். என்னைத் திட்டும்போது அம்மா, "செவிடன் காதுல ஊதுன..." என்று ஆரம்பித்து, சங்கு வருவதற்குள் வாயை மூடிக்கொள்வாள். விஷயம் எங்கள் மூன்று பேருக்குள்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எங்கள் வீட்டில் தினமும் அந்தச் சாப்பாடுதான்.

அந்த வருஷம் முதலாளி தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு இடத்தை வாடகைக்கு விட்டார். அப்பா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். அம்மாவின் அண்ணன், என் மாமா, சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்களுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்தார். அவரும் ஒரு காலத்தில் அப்பாவோடு அதே குடோனில் தறி ஓட்டியவர்தான். காலில் ஷூவும் கழுத்தில் அடையாள அட்டையும் ஏறியபிறகு அவர் அதைப் பேசுவதில்லை. நாங்களும் ஞாபகப்படுத்துவதில்லை.

"மாப்ளைக்கு லைசென்சு இருக்குதில்ல. கண்ணும் காதும் செரியா இருந்தாப் போதும், நாஞ்சொன்னா எடுத்துக்குவாங்க" என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா கண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு காதை விட்டுவிட்டாள்.

மறுவாரமே மாமா தனக்கும் அப்பாவுக்கும் எனக்குமாக மூன்று டிக்கெட் எடுத்துவிட்டுப் போன் செய்தார். பீளமேட்டுப் பக்கம் ஒரு மாலில் மேட்னி ஷோ, தமிழில் பேசுகிற படம். "மாப்ளையோட உக்காந்து பேசி நாளாச்சு" என்றாராம். அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். மூன்று மணி நேரம் மாமா பக்கத்தில் அப்பா உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடாதா? வரமுடியாது என்று சொல்லவும் வழியில்லை, வேலை கொடுக்கப்போகிறவர் கூப்பிடுகிறார். கடைசியில் திட்டத்தை அம்மாதான் போட்டாள்.

"நீ நடுவுல உக்காந்துக்கோ கண்ணு. அப்பா கைய உடாமப் புடிச்சுக்கோணும். எல்லாரும் சிரிச்சா ஒரு அமுக்கு அமுக்கு, அப்பா சிரிப்பாரு. மாமா ஏதாச்சும் பேசுனா நகத்துல கிள்ளு, அப்பா திரும்பிப் பார்ப்பாரு."

"அழுதா?" என்று கேட்டேன்.

"சண்டைப் படத்துல யாரு அழுவறா?" என்றாள் அம்மா.

பஸ்ஸில் போகும்போதே அப்பாவும் நானும் ஒத்திகை பார்த்தோம். நான் அமுக்க, அவர் சிரிக்க, கண்டக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்பாவின் உள்ளங்கை வேர்த்திருந்தது. அதை என் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டேன்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் காலேஜ் பசங்களும் பொண்ணுகளும். ஒவ்வொரு வீரனும் திரையில் தலைகாட்டும்போது விசில் பறந்தது. விசிலுக்கு அப்பாவுக்கு என் உதவி தேவைப்படவில்லை, கைகள் மேலே போவதைப் பார்த்து அவரும் தட்டினார். சிரிப்புதான் கஷ்டம். கூட்டம் சிரித்து, நான் அமுக்கி, அது அவருக்குப் போய்ச் சேர்ந்து அவர் சிரிப்பதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். அப்பாவின் சிரிப்பு மட்டும் தனியாக வந்து நின்றது. முன்வரிசையில் ஒரு அக்கா இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். மாமாவும் ஒருமுறை பார்த்தார். கூட்டம் சிரிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டுமென்று, அதன்பிறகு திரையை விட்டுவிட்டு மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு விரிய ஆரம்பித்ததும் அமுக்கினேன். நன்றாக வேலை செய்தது. இந்த வயதில் இவ்வளவு மூளையா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

இடைவேளையில் மாமா பாப்கார்ன் வரிசையில் நின்றுகொண்டு, "மாப்ள, இனிப்பா, காரமா?" என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார். அப்பா சுவரில் இருந்த வீரர்களின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா இரண்டாம் முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டார். நான் கிள்ளுவதற்கு அப்பா கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஓடிப்போய், "அப்பாவுக்குக் காரமுங்க மாமா" என்றேன்.

"ஏன் அம்மணி, உங்கப்பனுக்கு வாயில்லையா?"

"வாயி இருக்குதுங்க மாமா" என்றேன். அது சத்தியமான பதில்.

படம் மறுபடி ஆரம்பித்தது. அதுவரை திரையைப் பார்க்காத நான், ஒரே ஒரு காட்சியில் மாட்டிக்கொண்டேன். வீரர்களில் ஒருவர் மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தன் உயிரைக் கொடுக்கிறார். தரையில் சாய்ந்து கிடக்கிறார், மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து மண்டியிடுகிறார்கள். இசையைக்கூட நிறுத்திவிட்டார்கள். தியேட்டரே மூச்சுவிடாமல் இருந்தது. முன்வரிசை அக்கா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பயத்துக்கும் அழுகைக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே, கையில் இருந்த கையை இறுக்கி அமுக்கினேன்.

அப்பா சிரித்தார்.

வாய்விட்டு, தாராளமாக, பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அதே சிரிப்பு. அந்த நிசப்தத்தில் அது மூலைக்கு மூலை போய் மோதித் திரும்பி வந்தது. தலைகள் வரிசை வரிசையாகத் திரும்பின. பின்னாலிருந்து ஒரு பையன் அழுகைக் குரலில், "ஏனுங்கண்ணா, மனுசனுங்களா நீங்க? அங்க ஒருத்தரு செத்துக் கெடக்கறாரு, சிரிக்கறீங்க!" என்றான். எங்கள் ஊரில் ஆளை அடிக்க வருகிறவன்கூட 'ங்க' போட்டுத்தான் வருவான்.

எல்லாரும் தன்னையே பார்ப்பது அப்பாவுக்குத் தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை. சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்கவே முடியவில்லை. செய்த தப்பு என்னவென்று தெரியாமல் வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளையின் முகம்.

"நாந்தானுங்க மாமா, அப்பாவுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப்போட்டேன்" என்றேன்.

மாமா திரை வெளிச்சத்தில் என் கையைப் பார்த்தார். அது இன்னும் அப்பாவின் கையை விடாமல் இறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அப்பாவைப் பார்த்தார். அதன்பிறகு அவர் படத்தையே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். வேலை போச்சு, அம்மா என்னைத் தொலைத்துவிடுவாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்புறம்தான் அந்தக் காட்சி வந்தது. செத்தவர்கள், தொலைந்தவர்கள் என்று எல்லா வீரர்களும் ஒரே நேரத்தில் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கினார்கள். தியேட்டர் வெடித்தது. காலேஜ் பசங்கள் சீட்டின் மேல் ஏறினார்கள், கிழித்து வைத்திருந்த காகிதத்தை அள்ளி வீசினார்கள், தரையை மிதித்தார்கள். சற்றுமுன் அப்பாவைத் திட்டிய பையன், முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். என் சீட்டு அதிர்ந்தது. நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன், அப்பாவின் கையை விட்டுவிட்டேன்.

அப்பா சீட்டின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்தார். முகமெல்லாம் வெளிச்சம். "குடோனாட்டம் இருக்குது கண்ணு!" என்று கத்தினார். கத்தியது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

மாமா என்னைத் தாண்டிக் குனிந்து அப்பாவிடம் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. இன்னும் கத்திச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. அந்த இரைச்சலில் யாருக்குமே யாருடைய பேச்சும் கேட்கவில்லை. மாமா நிமிர்ந்து, கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தார். அப்பா யோசிக்கவேயில்லை. தலையை ஆட்டி, இரண்டு விரலை மடக்கி ஏதோ பதில் சொன்னார். மாமாவும் கையாலேயே ஏதோ கேட்டார். ஷூ போட்ட மாமா அப்படிக் கையாட்டி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

படம் முடிந்து மாலுக்கு வெளியே, ரோட்டோர டீக்கடையில் நின்றோம். வழக்கமாக எங்காவது பார்த்துக்கொண்டு பேசுகிற மாமா, அன்று அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார்.

"வேன் வேண்டாமுங்க மாப்ள. ஏறுறதெல்லாம் நம்ம புள்ளையாட்டம் புள்ளைங்க. பின்னாடி ஒருத்தன் ஆரன் அடிச்சான்னா..."

அப்பா டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அதே பயந்தானுங்க மச்சான். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஊட்டுல சொல்ல முடியல."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்து உள்ளங்கையால் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று மணி நேரம் கை வலிக்க அமுக்கியும், பொய் சொல்லியும், வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, இந்த மாமா வீரன் மாதிரி நெஞ்சைத் தட்டிக்கொள்கிறாரே! அன்றைக்கே அவரோடு டூ விட்டேன். அவர் வாங்கிக்கொடுத்த தேங்காய் பன்னைத் தொடவில்லை. கொஞ்ச நாளில் மாமா அப்பாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனதும், வேன் நிற்கும் ஷெட்டிலேயே டயரும் ஆயிலும் எடுத்துக் கொடுக்கும் வேலை வாங்கிக்கொடுத்ததும்கூட என் கோபத்தைத் தணிக்கவில்லை. அப்பா காதுக்கு வந்த மிஷினைப் பற்றி, படத்தில் வீரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக மாட்டியிருப்பார்களே, அதுதான் இது என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டேன். மாமாவோடு பழம் விட்டது அடுத்த தீபாவளிக்குத்தான்.

நெஞ்சில் இரண்டு தட்டு என்றால் என்னவென்று அம்மாவிடம் நான் கேட்டது பெரியவளானபிறகு. குடோனில் ஒருவர் அவசரமாக வெளியே போகவேண்டியிருந்தால், பக்கத்துத் தறிக்காரர் அப்படித் தட்டுவாராம். "உன் தறிய நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று அர்த்தமாம்.

அன்று டீக்கடையில் மாமா அதைத் தட்டியதும் அப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, பாதி டீ சட்டையில் சிந்தச் சிரித்தார். வேலை போனவர் எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரியாமல் மறுபடி அமுக்கிவிட்டேனோ என்று சட்டென்று என் கையைப் பார்த்தேன். இரண்டு கையையும் நான் கோபத்தில் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தேன்.