நாகலூர் ஐயாக்கண்ணுவின் கோபம்

காப்பி எஸ்டேட் கைமாறியதும் ஐயாக்கண்ணுவிடமிருந்து ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். புது முதலாளி சேலத்திலிருந்து தன் டிரைவரையே கூட்டி வந்திருந்தார். அது எண்பத்தாறாம் வருஷம். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த ஜீப்பை ஓட்டியவன், வீட்டுக்குள் போய்ப் படுத்தவன்தான், வேறு வேலைக்குப் போகவில்லை.

முதலில் தூக்கம் போனது, பிறகு சோறு. குளிக்கச் சொன்ன மனைவி காவேரி மேல் எரிந்து விழுந்தான். மிளகு பறிக்கக் கூப்பிட்ட மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். டீக்கடையில் அவன் காதுபடவே சோம்பேறி என்றார்கள். காவேரியின் அண்ணன் பெரியசாமி ஒருநாள் அவனைப் பாயோடு வெளியே இழுத்துப் போட்டான்.

"பொண்டாட்டி ஒழைப்புல திங்கறியே, வெக்கமா இல்லியா மாப்ளே? வேலை போனவன் நீ ஒருத்தன்தானா?"

அன்று மாலை ஐயாக்கண்ணு எஸ்டேட்டின் பூச்சிமருந்துக் கொட்டகைப் பக்கம் போவதைக் காவேரி பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து இழுத்து வந்தவள், நேரே மாரிசாமியிடம் ஓடினாள். சேலத்தில் மில் மூடியபோது மனசு உடைந்து கிடந்து, ஆஸ்பத்திரி வைத்தியத்தில் தேறி, இப்போது நாகலூரில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் அவர்.

மறுநாள் அவர் வீட்டுக்கு வந்தார். "இது சோம்பல் இல்லீங்க தம்பி, சீக்கு. எனக்கும் இருந்துச்சு. புதன்கெழமை சேலம் ஆஸ்பத்திரில டாக்டர் இருப்பாரு, போலாம் வாங்க."

"என்னைப் பைத்தியம்ங்கறயா? உன்னை எவன்டா கூப்பிட்டான்?" ஐயாக்கண்ணு செம்பை விட்டெறிந்தான். மாரிசாமியின் புருவம் கிழிந்தது.

அவர் துண்டால் ரத்தத்தை அழுத்திக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "மில்லு மூடின பொறகும் சங்கு ஊதற நேரத்துக்கு எந்திரிச்சுருவனுங்க. போறதுக்கு எடமில்லாம செவுத்தைப் பார்த்துட்டு நிப்பேன்."

தினமும் விடிந்ததும் ஜீப்பைத் துடைக்க ஐயாக்கண்ணுவின் கையும் தானாகத் துணியைத் தேடிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை.

புதன்கிழமை மலைப்பாதை நெடுக மாரிசாமியைத் திட்டிக்கொண்டேதான் பஸ்ஸில் போனான். "தூக்கம் எப்படி?" என்று டாக்டர் கேட்டதும் குலுங்கி அழுதான். மாத்திரை மெல்லத்தான் வேலை செய்தது. தூக்கம் திரும்பியது, கோபம் போகவில்லை. மாத்திரை தின்கிறவனுக்கு வண்டியா என்று எஸ்டேட்டுகள் விரட்டின. பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் தோட்ட முதலாளி ஒருவர் மட்டும் பழம் ஏற்றும் வேனைக் கொடுத்தார். சமாதானம் பேச வந்த பெரியசாமிக்கு, காவேரி எவ்வளவு கெஞ்சியும் அவன் கதவைத் திறக்கவில்லை.

மாதம் ஒருமுறை மாரிசாமியோடு சேலம் போவது மட்டும் நிற்கவில்லை. "பைத்தியங்க கெளம்பிருச்சுடோய்!" என்று ஒருமுறை பஸ் கிளம்பும்போது டீக்கடையிலிருந்து ஒருவன் கத்தினான். ஐயாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து குதிக்கப் போனான்.

மாரிசாமி அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். "உட்காருங்க. டாக்டரப் பார்த்துட்டு வந்து சண்டை போட்டுக்கலாம்."

உட்கார்ந்தான்.