கல்லுரல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். என் எழுத்து சாயும், பிழையும் இருக்கும். கோபத்தில் எழுதுவதால் இன்னும் மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வாவிக்கரையில், மண்டூருக்குப் போகும் துறைக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவார். அப்பாவும் அப்படி வந்தவர். அதனால் வீட்டில் நடப்பது அம்மாவின் அண்ணன், என் மாமாவின் சொல்தான்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவுக்கு முட்டு வருத்தம் முற்றியது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அவர் தொழிலுக்குப் போகும் தோணியைக் கரையேற்றினார்கள். மாமா தீர்ப்புச் சொன்னார்: அசையக்கூடாது, மீன், முட்டை ஆகாது, அரிசிக்கஞ்சி மட்டும். சொல்லிவிட்டு அப்பாவுக்கு முன்னாலேயே இருந்து பொரித்த மீன் தின்றார்.

அறுவடைக்கு எல்லாரும் வயல் வட்டைக்குப் போனபோது அப்பாவுக்கு என்னைக் காவல் வைத்தார்கள். பெரிய பதவி கிடைத்ததாக நினைத்தேன்.

அவர்கள் போனதும் அப்பா முற்றத்துக்கு வந்தார். அங்கே விளிம்பு உடைந்த கல்லுரல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதில் குந்தி இருந்தார், எழும்பினார். இளைக்க இளைக்க மறுபடியும் இருந்தார், எழும்பினார்.

"மனே, காலில சதையே இல்லடா. கால் போனா நான் போயிருவன். ஒரு முட்டை அவிச்சுத் தா. மாமாட்டச் சொல்லிராத."

முட்டையும் அவித்துக் கொடுத்தேன்; பின்னேரம் மாமாவிடமும் சொன்னேன்.

மாமா சிரித்தார். "என்ன மச்சான், உரலில குந்தி முட்டையா அடைகாக்கிறீங்க?"

"சும்மா படுத்தா ஏலாமப் போகுது மச்சான்."

"ஏலாதவன் படுக்கத்தான் வேணும்."

அப்போதே உரலை வாவிக்குள் உருட்டிவிட்டார். மாரி வருவதற்குள் அப்பாவின் தொடை என் கையளவு ஆனது. கக்கூசுக்கு இரண்டு பேர் தூக்க வேண்டும். மாரி முடிய முன் போய்விட்டார். வருத்தம் கொண்டுபோயிற்று என்றார் மாமா.

இப்போது எனக்கும் அதே வருத்தம். போன மாதம் கிளினிக்கில் பயிற்சி தரும் ஒரு பிள்ளை என்னைக் கதிரையில் இருத்தினாள்.

"ஐயா, கை ஊன்றாம எழும்புங்க, இருங்க. பத்துத் தரம். இளைச்சா கொஞ்சம் ஆறிச் செய்யுங்க. படுத்தே கிடந்தா சதை கரைஞ்சிரும். மீன், முட்டை, பயறு நல்லாச் சாப்பிடுங்க."

அப்பா செய்தது! யாரும் சொல்லிக்கொடுக்காமல் அப்பா தானாகச் செய்தது! கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு முட்டுகிறது என்று நினைத்து அந்தப் பிள்ளை தண்ணீர் தந்தாள்.

மாமா எண்பது தாண்டியும் சைக்கிள் மிதிக்கிறார். நேற்றும் சந்தையில் கண்டேன், கையில் ஒரு கோர்வை மீன். கேட்கத்தான் கிட்டப் போனேன். அவர் சைக்கிளுக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆனால் அந்த உரலை மாமா தனியே உருட்டவில்லை. கூடத் தள்ளியது நான். அது தண்ணீருக்குள் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். அப்பா வேலியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பலத்தைக் கண்டு சந்தோசப்படுகிறார் என்று நினைத்து, கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினேன்.

எழுதி முடித்தது இன்று, பங்குனி பத்து.