அண்ணன் செய்த பாலிஷ் பெட்டி

டக், டக். பிரஷ்ஷின் முதுகால் பெட்டியின் விலாவில் இரண்டு தட்டு. இந்தக் கால் முடிந்தது, அடுத்ததை வையுங்கள் என்று பொருள். ஹட்டன் பஸ் நிலையத்தைக் கடக்கையில் எவராவது எதையாவது தட்டினால் இன்றும் நின்றுவிடுகிறேன். அண்ணன் இறந்து ஓராண்டு போய்விட்டது. காது மட்டும் அண்ணனை விட மறுக்கிறது.

அண்ணன் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகள், இப்போது கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. தண்ணீர் ஏறுமுன் எங்கள் குடும்பம் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு மாறியது. அங்கே அப்பா இறந்தார், பின்னாலேயே அம்மாவும். என்னைப் படிக்க வைத்து, டவுனில் கட்டிக்கொடுத்த பிறகே அண்ணன் தனக்கொரு துணை தேடிக்கொண்டார்.

தேயிலைச் செடியை வெட்டி மட்டம் செய்யும் கவ்வாத்து வேலையில் அண்ணன் கெட்டிக்காரர். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைநாள், கத்தி வழுக்கி வலது பாதத்தில் இறங்கியது. உடம்பில் சீனி வியாதி இருந்ததை அதுவரை யாரும் அறியவில்லை. புண் ஆறவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

"இனிமே ரத்தம் குடிக்கிற அட்டைக்கு என்கிட்ட பாதிச் சாப்பாடுதான்" என்று ஊன்றுகோலோடு வந்திறங்கினார்.

அண்ணி சிரிக்கவில்லை. ஒரு வீட்டில் வேலைக்கு ஓர் ஆள் குறைந்தால் இன்னொருவர் தோட்ட வேலைக்குப் பேர் பதிய வேண்டும், லயத்தில் நடப்பது அதுதான். பதியக்கூடிய பேர் அவர்களுடைய ஒரே மகளுடையது. அவள் ஹட்டன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ள தலையில கொழுந்துக் கூடைக்கயிறு ஏறாது" என்றார் அண்ணன்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாட்களில், சுவரோரம் உட்கார்ந்தபடியே சப்பாத்துத் துடைத்து பாலிஷ் போடும் ஒருவரை அவர் பார்த்திருந்தார். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை. வீட்டில் விறகு போட்டு வைத்திருந்த பழைய தேயிலைப் பெட்டியைக் கழற்றி, பாலிஷ் பெட்டியாக அடித்தார். அந்த மெல்லிய பலகை பாலிஷ் டப்பாக்களைத் தாங்கும், ஆள் மிதித்தால் தாங்காது. பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலை மரத்தின் அடியைக் கொண்டுவரச் சொல்லி, கால் வைக்கும் கட்டையை அதில் செதுக்கினார். தன் காலைக் கொண்டுபோன அதே கத்தியால் செதுக்கினார். அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

லயத்துத் தலைவர் வாசலில் வந்து நின்றார். "நம்ம சாதிசனத்துல எவன் இந்த வேல செஞ்சிருக்கான்? தேரு வடம் புடிச்ச கையாலயா சப்பாத்து தொடைக்கப் போற?"

"தேரு வருசத்துக்கு ஒருக்கா வருது தலைவரே. பசி தெனமும்ல வருது."

அந்த வருஷத் திருவிழாவில் கரகம் எல்லா வாசலிலும் நின்றது, அண்ணன் வாசலைத் தவிர. அண்ணி குடத்துத் தண்ணீரும் மஞ்சளுமாகக் காத்து நின்றார். பிறகு அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

பெட்டியோடு டவுனுக்குப் போன முதல் நாளே தப்பு தெரிந்தது. கடை திறக்கப் போன ஒரு முதலாளி வலது காலை வைத்தார். கட்டையில் அது உட்காரவில்லை. குதிகால் தடுப்பும் ஓரத்து வளைவும் இடது காலுக்கு ஏற்றபடி இருந்தன.

"எடது கால மொதல்ல வைங்கய்யா."

"கட தொறக்கப் போற நேரத்துல எடது காலா? வெளங்குமாய்யா? எவன்கிட்ட அளவெடுத்த?"

"என்கிட்டதாங்க. மிச்சம் அது ஒண்ணுதானுங்க இருக்கு."

முதலாளி சிரிக்காமல் போய்விட்டார். காலை நேரத்தில் வேறு யாரும் இடது காலை முன்வைக்கவில்லை. அன்று மாலை நான் லயத்துக்குப் போனபோது அண்ணன் புதுக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அளவு கொடுக்க அக்கம்பக்கத்தில் ஒருவரும் முன்வரவில்லை.

"என் காலை வைக்கிறேம்ப்பா" என்று மகள் வந்தாள்.

"ஒங் காலு இதுல படக்கூடாது. உள்ள போ!" அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதில்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு என் வலது காலை வைத்தேன். விழுந்து கும்பிட வேண்டிய அண்ணனின் மடியில் என் கால். அவர் கரித்துண்டால் அதைச் சுற்றிக் கோடு இழுத்தார். கரி பாதத்தில் குளிர்ந்தது.

"கூசுதா தங்கச்சி?"

"இல்லண்ணே."

"கொக்கு காலு. ஆம்பளைக்கு ரெண்டு வெரக்கட கூட்டிக்கிறேன்."

அந்தக் கட்டையில்தான் எல்லாம் நடந்தது. மழையிலும் பனியிலும் அண்ணன் அதோடு உட்கார்ந்தார். யுத்த காலம், சோதனைச் சாவடியில் நாளும் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அண்ணன் தரையில் தவழ்ந்து டப்பாக்களைப் பொறுக்குவார், பிறகு அதே சிப்பாயின் பூட்ஸை மினுக்குவார். மகளுக்கு அவர் ஒரு கட்டளை போட்டிருந்தார்: "பஸ் ஸ்டாண்டுல நான் ஒங்கப்பன் இல்ல. கூட்டாளிங்களோட வந்தா தாண்டிப் போயிரணும். நிக்கக்கூடாது." அவள் அழுதாள். பிறகு பழகிக்கொண்டாள். வெள்ளைச் சீருடைகள் கூட்டமாய்க் கடக்கும் நேரத்தில் அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவே மாட்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளை படித்தது இப்படித்தான். இதில் பெருமைப்பட எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு வலப்பனைப் பக்கத்தில் ஆசிரியை வேலை கிடைத்த வருஷமே அண்ணனின் மற்றக் காலிலும் புண் வந்தது. இந்தமுறை எடுத்தும் பயனில்லாமல் போயிற்று.

கடைசி வாரங்களில் அவரைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் போட்ட அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி போதாது. வார்டில் சிங்களத்திலும் தமிழிலும் அவரை அப்பா என்றழைத்த தாதிமாருக்கும், வழுக்கும் படியில் பாடையைச் சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், கடைசியில் வந்து தோள் கொடுத்த தலைவருக்கும் எங்கள் வணக்கம். பேர் தெரியாமல், அந்தக் கட்டையின் மேல் கால் வைத்த ஒவ்வொருவருக்கும்.

அண்ணன் போவதற்கு முந்திய ஞாயிறு, பிற்பகல் பஸ்ஸுக்குப் புறப்பட்ட மகள் கட்டிலருகே நின்றுகொண்டே இருந்தாள். நான் அவளுடைய பையைப் பிடித்திருந்தேன்.

"அப்பா, பஸ் ஸ்டாண்டுல நான் தாண்டித் தாண்டிப் போனேனே. ஒங்களுக்கு வலிக்கலையா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"வலிச்சுது ஆத்தா. நீ நின்னுருந்தா இன்னும் வலிச்சிருக்கும். போ, பஸ்ஸு போயிரும்."